அன்னையும் தமக்கையும் ஆனவர்
(சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை)

தமிழ்க் குடும்பத்தில் மூத்த பெண்ணாய்ப் பிறப்பதும் ஓர் உத்தியோகமே. தம்பி தங்கையரை இடுப்பில் சுமப்பது, தாய் நோயுற்ற நாளில் அடுப்பைக் கவனிப்பது, கிடைத்த பண்டத்தைப் பிறர்க்குப் பங்கிட்டுத் தனக்குக் கடைசியாக வைத்துக்கொள்வது ஆகிய அனைத்தும் அவள் கடமைகள். இவ்வுத்தியோகத்துக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அக்கா என்னும் ஒரு சொல்லே அவள் பெறும் ஊதியம். அந்தச் சொல்லையே பட்டமாகப் பெற்று, சென்னை மாநகரம் முழுவதற்கும் தமக்கையாய் விளங்கிய ஒருவரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத முற்படுகிறோம். அவர்தாம் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார். ஆங்கிலத்தில் சிஸ்டர் என்று அழைத்தாலும், தமிழில் சகோதரி என்று அழைத்தாலும், அக்காலத்துச் சென்னையில் அச்சொல் இவர் ஒருவரையே குறித்தது.

அம்மையாரைப் பற்றி எழுத நம்மைத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. நம் குடும்பத்தில் முந்திய தலைமுறையில் ஓர் அத்தைப் பாட்டி இருந்தார். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலறைக்குப் பின்னாலிருந்த தாழ்வாரமே அவர் உலகம். வீட்டில் பிறந்த குழந்தைகள் அனைவரையும் வளர்த்தவர் அவரே. ஆயினும் அக்குழந்தைகளின் திருமணத்தில் மணவறைக்கு அருகே அவர் நின்றதில்லை. எல்லோரும் அவரை அத்தை என்றே அழைத்தனர். அவர் மறைந்த பின், குடும்ப மரபை ஒரு தாளில் எழுதப் புகுந்தபோது, அவருடைய இயற்பெயர் என்னவென்று சொல்ல வீட்டில் ஒருவருமில்லை. அந்த வெற்றிடத்தை இன்றும் நாம் நிரப்பவில்லை. அத்தகைய அத்தைமார்களுக்குப் பெயரும் தொழிலும் பெருமையும் தேடித் தந்தவர் சுப்பலட்சுமி அம்மையார் என்று பின்னர் அறிந்தபோது, அவர் வாழ்க்கை நமக்கு வெறும் சரித்திரமாகத் தோன்றவில்லை.

பிறப்பும் பேரிடியும்

தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் மூத்த மகளாக, 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் சுப்பலட்சுமி பிறந்தார். அவருக்குப் பின் தங்கையர் பிறந்தனர். ஆகவே, தமக்கை என்னும் பொறுப்பு அவருக்கு அறிவு தெரிந்த நாளிலேயே வந்து சேர்ந்தது. படிப்பில் இணையற்றவராய் இருந்தார். ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வெழுதிச் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினார்.

ஆனால் அக்காலத்தில் ஒரு பெண் நன்றாகப் படிக்கிறாள் என்பது அவளுடைய மணத்தைத் தள்ளிப்போடக் காரணமாகாது. பூப்பெய்துமுன் மணம் முடித்தாக வேண்டும் என்பது அவர் பிறந்த சமூகத்தின் நியதி. பதினொரு வயதளவில் திருமணம் நடந்தது. விரைவிலேயே அந்தக் கணவர் இறந்தார். இல்லறம் என்பது இன்னதென்று அறியாமலே அச்சிறுமி கைம்பெண் ஆனாள்.

இதன் பொருளை இன்றைய இளைஞர்களுக்குச் சிறிது விளக்கவேண்டும். கைம்பெண் எதிரே வந்தால் புறப்பட்ட காரியம் கெடும் என்று நம்பிய காலம் அது. பூவும் பொட்டும் விலக்கப்பட்டன. வண்ணச் சேலை விலக்கப்பட்டது. பல வீடுகளில் தலைமயிரும் களையப்பட்டது. ஒரு வேளை உணவு, ஓயாத வேலை, ஒதுக்குப்புறமான ஒரு மூலை. இவையே எஞ்சிய ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கும் விதிக்கப்பட்டன. கைம்பெண் மறுமணத்தை 1856-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. மூலை வீட்டில் இருந்தது.

சுப்பலட்சுமியின் பெற்றோர் மகளை அம்மூலையில் அமர்த்த மனம் ஒப்பவில்லை. இதுவே இவ்வரலாற்றின் முதல் திருப்பம். தந்தையார் தாமே வீட்டில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். பின்னர்ச் சென்னையில் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கு மகளை அனுப்பினார். கைம்பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று உற்றாரும் அயலாரும் ஏசினர். ஏசியவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவே. தந்தையார் மறுமொழி கூறிக்கொண்டிராமல் மகளைப் படிக்கவைத்தார்.

அந்தப் பள்ளியில் சுப்பலட்சுமி ஓர் அரிய காட்சியைக் கண்டார். அங்கிருந்த கன்னியரும் வெள்ளுடை உடுத்தியவர்களே. கணவரும் மக்களும் இல்லாதவர்களே. ஆனால் அவர்களை எவரும் அமங்கலம் என்று ஒதுக்கவில்லை. ஊரார் அவர்களை வணங்கினர். தம் மக்களை அவர்களிடம் ஒப்படைத்தனர். அவர்கள் பெற்ற மதிப்பெல்லாம் தொண்டினால் வந்தது. அதே வெள்ளுடை தம் இனத்துப் பெண்ணுக்கு ஏன் இகழ்ச்சியைத் தருகிறது என்னும் வினா அப்பெண்ணின் உள்ளத்தில் விழுந்தது. அவர் பிற்காலத்தில் செய்தவை அனைத்தும் அவ்வினாவுக்கு விடையாக அமைந்தவையே.

பட்டமும் பணியும்

சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி அவரே என்பர். அவ்வாண்டில் அவருக்கு வயது இருபத்தைந்து. அவர் விரும்பியிருந்தால் கௌரவமான ஓர் ஆசிரியப் பதவியில் அமர்ந்து, பெற்றோர்க்கும் தங்கையர்க்கும் துணையாக அமைதியாய் வாழ்ந்திருக்கலாம். மூலையிலிருந்து தாம் தப்பியதே போதும் என்று எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணாததே அவர் பெருமை.

அக்காலத்தில் அரசாங்கக் கல்வித் துறையில் பெண் பள்ளிகளின் மேற்பார்வையாளராக மிஸ் லிஞ்ச் என்னும் அம்மையார் இருந்தார். அவருக்கு ஒரு கவலை. பெண் பள்ளிகளைத் திறக்கலாம். ஆனால் கற்பிக்கப் பெண்கள் எங்கே? ஆண் ஆசிரியரிடம் வளர்ந்த பெண்ணை அனுப்பப் பெற்றோர் இசையார். மணமான பெண்களோ குடும்பத்தை விட்டு வரமாட்டார்கள். சுப்பலட்சுமி அம்மையார்க்கு மற்றொரு கவலை. ஆயிரமாயிரம் வீடுகளின் பின்கட்டில், எப்பயனுமின்றி ஒளி குன்றிக் கிடக்கும் இளங் கைம்பெண்களுக்கு வழி என்ன? இவ்விரண்டு கவலைகளையும் ஒன்றுக்கொன்று மருந்தாக்கியதே அம்மையாரின் படைப்பு. கைம்பெண்களுக்குக் கல்வி தந்து ஆசிரியைகளாக்குவது; அவர்களைக் கொண்டு நாட்டின் பெண்மக்களுக்குக் கல்வி தருவது. சொல்லும்போது எளிதாகத் தோன்றுகிறது. நல்ல யோசனைகள் எல்லாமே, வேறொருவர் செய்து முடித்த பின்பு எளியனவாகவே தோன்றும்.

எவள் முகத்தில் விழித்தால் ஆகாது என்று ஊர் ஒதுங்கிற்றோ, அவள் முகத்தில் அதே ஊர்க் குழந்தைகள் காலைதோறும் விழித்துப் பாடம் கேட்கவேண்டும். இதைவிடப் பெரிய புரட்சியை ஓங்கிய குரலால் எவர் செய்துவிட முடியும்?

1912-ஆம் ஆண்டில் பெண்கள் ஒன்றுகூடிப் பயனுறப் பேசவும் படிக்கவும் சாரதா மகளிர் சங்கத்தை அம்மையார் நிறுவினார். அக்காலத்திலேயே இளங் கைம்பெண்கள் நால்வரைத் தம்மோடு வைத்துக்கொண்டு இல்லம் ஒன்றையும் தொடங்கினார். அவ்வில்லத்துக்குப் பெருந்துணையாய் நின்றவர் அவருடைய சிற்றன்னை வாலாம்பாள். அவரும் இளமையிலேயே கணவரை இழந்தவர். கற்பிப்பதும் வெளியுலகோடு போராடுவதும் சுப்பலட்சுமியின் பங்கு. அடுக்களையும் ஆசாரமும் குழந்தைகளின் கண்ணீரும் வாலாம்பாளின் பங்கு. சரித்திரம் பெரும்பாலும் மேடையில் நிற்பவரையே காண்கிறது. உலையில் அரிசி இட்டவரையும் ஒரு வரி நினைப்பது நம் கடமை.

விடுதி நடத்துவது எத்தகையது என்பது நடத்தியவர்க்கே தெரியும். வந்த சிறுமியர் பலர் அழுதுகொண்டு வந்தனர். வீட்டை விட்டு வந்த ஏக்கம் ஒருபுறம். நீ பாவி என்று கேட்டுக் கேட்டுத் தாமே அதை நம்பிவிட்ட துயரம் மறுபுறம். அவர்களுக்கு எழுத்தைக் கற்பிக்குமுன், தாங்கள் பாவிகள் அல்லர் என்பதைக் கற்பிக்க வேண்டியிருந்தது. அப்பாடத்துக்குப் புத்தகம் இல்லை. உடன் உண்டு, உடன் உறங்கி, நோயுற்றபோது விழித்திருந்து, நாள்தோறும் நடத்தையால் கற்பிக்கவேண்டிய பாடம் அது. தாயாகும் பேற்றை ஊர் வழக்கம் மறுத்த ஒரு பெண், பெற்றவர்களும் கைவிட்ட பிள்ளைகளுக்குத் தாயானார். வயதில் பெரியவர்களுக்குத் தமக்கையானார். இல்லம் வளர்ந்தது; அரசாங்கமும் ஆதரவு தந்தது.

பனிக்கட்டி மாளிகை

இல்லம் திருவல்லிக்கேணியில் இருந்த காலத்தில் ஒரு தொல்லை நேர்ந்தது. வெள்ளைச் சேலை உடுத்திய சிறுமியர் காலையில் வரிசையாகத் தெருவில் செல்வதை அவ்வூரார் அபசகுனம் என்று வெறுத்தனர். மக்கள் நடமாட்டம் குறைந்த இடத்தில், இல்லத்துக்கு ஒரு பெரிய வீடு வேண்டியதாயிற்று.

கடற்கரையில் வெறுமனே நின்றிருந்த வட்டமான பழைய கட்டடம் ஒன்று அம்மையாரின் கண்ணில் பட்டது. அதுவே ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இயற்கைப் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ஆம் ஆண்டளவில் டூடர் கம்பெனியார் எழுப்பியது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வியாபாரம் நொடித்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கி இல்லமாக மாற்றினார். மேல்நாட்டிலிருந்து வெற்றியோடு திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கேதான் தங்கினார். ஸ்ரீ இராமகிருஷ்ண மடத்தின் சென்னைக் கிளையும் சில ஆண்டுகள் அங்கு நடந்தது. 1917-ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனை வாங்கிற்று. அம்மையாரின் பெண்கள் அங்கே குடியேறினர்.

ஊர் தங்களைத் தெருவை விட்டு விலக்கிற்று. அப்பெண்களுக்கோ கடலே கிடைத்தது. நான்கு சுவர்களுக்குள் நடமாட்டமும் மறுக்கப்பட்ட சிறுமியர்க்குப் பரந்த மணல்வெளி முற்றமாயிற்று. அலையின் ஓசையைக் கேட்டுக்கொண்டு அவர்கள் படித்தனர். சிலர் பள்ளியோடு நின்றனர். சிலர் ஆசிரியப் பயிற்சி பெற்றனர். சிலர் அக்கடற்கரையிலேயே 1914-ல் தொடங்கப்பட்டிருந்த பெண்கள் கல்லூரியாகிய இராணி மேரிக் கல்லூரிக்கும் சென்றனர். மாகாணத்தின் பல ஊர்களில் பெண் பள்ளிகளில் ஆசிரியைகளாகவும் தலைமையாசிரியைகளாகவும் அமர்ந்தனர். மாதச் சம்பளம் வாங்கினர். வீட்டின் சுமை என்று கருதப்பட்ட பெண்ணே, தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பும் தமக்கையானாள். அவளை மூலைக்கு அனுப்பிய குடும்பமே, அவள் அனுப்பும் மணியார்டருக்குக் காத்திருந்தது.

கட்டடத்துக்குப் பின்னால் மீனவர் குப்பம் இருந்தது. அங்கே குழந்தைகள் பள்ளியின்றித் திரிவதைக் கண்டு, அவர்களுக்கும் அம்மையார் பள்ளி ஏற்படுத்தினார். தம் பெண்களுக்கு நல்வழி கிடைத்தவுடன் கதவை அடைத்துக்கொள்ளும் இயல்பு அவரிடம் இல்லை.

அம்மையாரின் தொண்டைப் பாராட்டி அரசாங்கம் 1920-ஆம் ஆண்டில் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. 1922-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார்.

குறையும் நிறையும்

பெரியோர் வரலாற்றில் புகழத்தக்கவற்றை மட்டும் எழுதி முடிப்பது எளிது. ஆனால் அது படிப்பவர்க்கு நாம் செய்யும் நேர்மையாகாது. அம்மையாரின் இல்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாய் இருந்தது. அங்கே ஆசாரங்கள் வழுவாது காக்கப்பட்டன. மறுமணத்தை அம்மையார் அங்கே வலியுறுத்தவில்லை. சீர்திருத்தக்காரர்கள் இதனைக் குறை கூறினர். வைதிகரோ, கைம்பெண்களைப் படிக்கவைத்துக் கெடுக்கிறார் என்று மறுபுறம் தூற்றினர். இருபுறத்து அடியையும் அம்மையார் ஏற்றார்.

இதைப் பற்றி நாமும் பலகாலம் எண்ணியதுண்டு. பசித்தவர் பலர் இருக்க ஒரு பந்திக்கு மட்டும் இலை போடுவது நம் மனத்துக்கு ஒவ்வாதது. அன்றும் அது பலர்க்கு ஒவ்வவில்லை. ஆனால் அம்மையார் கண்ட நிலைமை வேறு. ஆசாரம் கெடும் என்னும் ஐயம் ஒரு தந்தைக்கு எழுமானால், அவர் மகளை அனுப்பவே மாட்டார். மூலை மூலையாகவே இருக்கும். மகள் வெளியே வந்தால்தான் எதுவும் நடக்கும். ஓடும் வண்டியைத் தூக்கி வேறு பாதையில் வைக்க எவராலும் இயலாது. பாயிண்டில் தண்டவாளத்தைச் சில அங்குலம் நகர்த்தினால், வண்டி தானே வேறு ஊருக்குப் போய்ச் சேர்கிறது. அமர்ந்திருப்பவர்க்குத் திருப்பம் நிகழ்ந்ததே தெரிவதில்லை. அம்மையார் செய்தது இத்தகைய வேலை.

அந்த அங்குலங்களோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே அவரை நாம் மதிப்பதற்குக் காரணம். அவர் நிறுவிய சாரதா வித்தியாலயம் எல்லா வகுப்புப் பெண்களையும் வரவேற்றது. கைம்பெண்களோடு, கணவரால் கைவிடப்பட்டவர்களும் ஆதரவற்றவர்களும் அங்கே இடம் பெற்றனர். பிற்காலத்தில் அதனை ஸ்ரீ இராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்தலாயிற்று. தாம் வளர்த்த நிறுவனத்தைத் தகுந்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்வது எல்லோர்க்கும் வாய்க்கும் குணம் அன்று. நம் சங்கங்களில் ஒரு காரியதரிசிப் பதவியைக் கைமாற்றுவதற்குள் நடப்பவற்றை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

நோயாளிக்கு மருந்து தருவதோடு நோயின் மூலத்தையும் அம்மையார் நாடினார். குழந்தை மணம் உள்ளவரை குழந்தைக் கைம்பெண்களும் இருப்பர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தமையால் மாதர் சங்கங்களில் அவர் வெளிப்படையாகச் சேர இயலவில்லை. ஆயினும் குழந்தை மணத்துக்கு எதிராக மக்கள் கருத்தைத் திரட்டினார். பெண்ணின் மண வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் ஆதரவாளர்களுள் அவரும் ஒருவர். பின்னாளில் அவ்வயது பதினெட்டாயிற்று. இன்று நம் வீட்டுப் பெண்கள் பதினோராம் வயதில் பள்ளிப் பையோடு வண்டிக்கு ஓடுவதைக் காண்கிறோம். அதே வயதில் சுப்பலட்சுமி என்னும் சிறுமிக்கு நேர்ந்ததை ஒரு கணம் நினைத்துக்கொண்டால், அந்த ஓட்டத்தின் அழகு இன்னும் கூடுகிறது.

ஓய்வறியா முதுமை

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் காலத்தில் பலர்க்கு வாழ்க்கையே முடிந்துவிட்டதுபோல் தோன்றும். அம்மையார்க்குக் கை விலங்கு கழன்றதுபோல் ஆயிற்று. பள்ளி வயதைக் கடந்த பெண்கள் படிப்பதற்கென 1942-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலா நிலையத்தைத் தொடங்கினார். குடும்பப் பொறுப்பினால் படிப்பை விட்டவர்கள், குழந்தைகளை வளர்த்து முடித்தபின் எழுத்தறிய விரும்பியவர்கள் எனப் பலரும் அங்கே பலகையில் அமர்ந்தனர். முப்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க வெட்கப்படும் பெண்ணுக்கு வேண்டியது பாடத்தைவிட முதலில் பொறுமை. அப்பொறுமை அம்மையாரிடம் வற்றாதிருந்தது.

மாதர் சங்கப் பணிகளில் இப்போது தடையின்றி ஈடுபட்டார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராய் இருந்தார். 1954-ல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நிலையம் அமையத் துணை நின்றார். மயிலாப்பூர் மாதர் கழகத்தின் தலைவராய் இருந்து 1956-ல் தொடங்கிய பள்ளியே இன்று வித்யா மந்திர் என்னும் பெயரோடு விளங்குகிறது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1958-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. மோனிகா ஃபெல்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் அம்மையாரோடு பழகி அவர் வரலாற்றை எழுதிய நூல் 1966-ல் வெளிவந்தது.

1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். சொர்க்க வாசல் திறக்கும் நாள் என்று நம் பெரியோர் கூறும் நாள் அது. வாழ்நாள் முழுவதும் பிறர்க்காகக் கதவுகளைத் திறந்துகொண்டே இருந்தவர்க்கு அந்நாள் பொருத்தமாகவே அமைந்தது.

விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963-ல் ஐஸ் ஹவுஸுக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்டது. விடுமுறையில் சென்னை செல்லும் நம் குடும்பங்கள் கடற்கரைக்குப் போகாமல் திரும்புவதில்லை. அடுத்த முறை செல்லும்போது, அவ்வட்ட மாளிகையின் முன் குழந்தைகளைச் சற்று நிறுத்துங்கள். சுவாமிகள் தங்கிய இடம் என்று சொல்லுங்கள். அத்தோடு, அங்கே ஒரு தமக்கை பல தங்கையரை வளர்த்தார் என்பதையும் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியது

அம்மையாரைப் போல் நிறுவனங்களை எழுப்ப நம்மால் இயலாது. நாம் மாதச் சம்பளக்காரர்கள். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுபவர்கள். ஆயினும் நம் காலனியில் நம்மால் ஆகக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. நவராத்திரி வந்தால் வீடு வீடாகக் கொலு வைக்கிறோம். வடநாட்டு அண்டை வீட்டாரையும் அன்போடு அழைத்துச் சுண்டலும் தாம்பூலமும் தருகிறோம். அதே வீட்டின் உள்ளறையில், மகனோடு வந்து தங்கியிருக்கும் தாய் ஒருவர், கணவரை இழந்த காரணத்தால், கூடத்துக்கு வராமல் ஒதுங்கியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். எவரும் அவரை வரவேண்டாம் என்று சொல்வதில்லை. வாருங்கள் என்றும் சொல்வதில்லை. பின்கட்டு மூலை இன்னும் முழுவதும் இடிக்கப்படவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒற்றை அறையிலும் அது தனக்கோர் இடம் தேடிக்கொள்கிறது.

அவ்வன்னையர்க்கு முதல் தாம்பூலம் கொடுப்போம். நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் திருவிளக்கேற்ற ஒவ்வோர் ஆண்டும் பெரிய மனிதர்களைத் தேடி அலைகிறோம். அத்தகைய மூதாட்டி ஒருவரை அழைத்து ஏற்றச் செய்தால், விளக்கின் ஒளி குறைந்துவிடாது, கூடவே செய்யும். சங்கத்து நிர்வாகிகள் இதனை ஆலோசிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அத்தை என்றும் பாட்டி என்றும் மட்டுமே அழைக்கப்பட்ட அந்தப் பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கத் தக்கவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நாம் கேட்கத் தவறிவிட்டோம். நம் அத்தைப் பாட்டியின் பெயர் நமக்குத் தெரியாது. சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் பெயரை இங்கே எழுதும்போதெல்லாம், அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுவதாகவே எண்ணிக்கொள்கிறோம்.